சுவர் குடித்த கடுக்காய்த் தண்ணீர்

எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் அம்மா பூசியது என்று சொன்னால், கொத்தனார் குடும்பமா என்று கேட்கிறார்கள். அதெல்லாம் இல்லை. அதற்கு முன்பு அம்மாவுக்குத் தெரிந்த கரண்டி குழம்புக் கரண்டி மட்டும்தான்.

கேரள மலையடிவாரத்தில் இருக்கும் தேவாரம் ஊரில், பெரியப்பா வீட்டின் பின்பக்கத்து அறையில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். பாகம் பிரித்தபோது மாடி வீடு பெரியப்பாவுக்கும், அடுத்த தெருவில் பூட்டிக் கிடந்த பழைய ஓட்டு வீடு அப்பாவுக்கும் வந்திருந்தது. பூச்சு உதிர்ந்து, மழைத் தண்ணீர் இறங்கி, தொட்டால் கையோடு மண் வந்தது. அதை வாங்கி இடித்துவிட்டு ஏலக்காய் மூட்டை அடுக்க ஒரு குடோன் கட்டவேண்டும் என்பது பெரியப்பாவின் ஆசை. அப்பா மலைமேல் தோட்டத்தில் ஜீப் ஓட்டினார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியறியாதவர். கடைசியில், ஐப்பசி மழைக்குள் வீடு குடியிருக்கிற மாதிரி ஆகாவிட்டால் பெரியப்பாவுக்கே எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அப்பா மலையில் இருக்க, வேலை அம்மா தலையில் விழுந்தது.

"வீட்டைச் சீராக்குறதுன்னா குழம்பு வெஞ்சனம் வைக்கிற மாதிரின்னு நெனச்சியா தாயி?" என்று பெரியப்பா சிரித்தார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டதோடு சரி. அந்த வீட்டில் அவள் பதில் பேசி நான் பார்த்ததில்லை.

ஊரில் யோசனைக்கா பஞ்சம்? சிமெண்ட் கடைக்காரர் சிமெண்டைப் பூசச் சொன்னார். பூசினோம். ஒரே மாதத்தில் அது வெந்த கிழங்கின் தோலாகக் கழன்று, பழைய பூச்சையும் கூட்டிக்கொண்டு விழுந்தது. அம்மா அன்று முழுக்க அந்தக் குவியலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகுதான் அப்பாவின் பழைய செல்போனைக் கையில் எடுத்தாள்.

கல்யாணத்துக்கு முன்பு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவள் என்பதால் அம்மாவுக்கு மலையாளம் காதில் ஏறும். தேடித் தேடி, பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் ஒரு நரைத்தாடிக்காரரின் வீடியோக்களைப் பிடித்தாள். பழைய சுவர் மூச்சு விடவேண்டும், சிமெண்ட் அதன் மூக்கைப் பொத்திவிடும் என்றார் அவர். சுவருக்கு மூக்கா என்று நான் சிரித்ததற்குத் தலையில் ஒரு குட்டு வாங்கினேன். அம்மா கேள்வி சொல்ல, ஐந்தாம் வகுப்பு படித்த நான் தமிழில் அடித்து அவருக்கு அனுப்புவேன். பதில் மலையாள எழுத்தில் வரும். ஞாயிற்றுக்கிழமை அப்பா அதை பஸ் போர்டு படிக்கிறமாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பார். ஆறு நாள் காத்திருந்து வந்த பதில் 'மணலைச் சலித்துப் போடவும்' என்பதாக இருக்கும். அம்மா அதையும் பயபக்தியோடு கேட்டுக்கொள்வாள்.

சுண்ணாம்புக் காளவாசலில் இருந்து சுட்ட கல்சுண்ணாம்பு வந்து இறங்கிய நாளை என்னால் மறக்க முடியாது. கண்ணில் தெறித்துவிடும் என்று நரைத்தாடிக்காரர் எச்சரித்திருந்ததால், அம்மா அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதைக் கொட்டிய குழிக்குள் தண்ணீரை ஊற்றினாள். சேலையும் ஹெல்மெட்டுமாக நின்றவளைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. நெருப்பில்லை, விறகில்லை. குழி கொதித்தது! பச்சைத் தண்ணீர் குமுறிக்கொண்டு எழும்ப, வெள்ளைப் புகைக்கு நடுவில் அம்மா அசையாமல் நின்றாள். கூட்டத்தின் சிரிப்பு அடங்கிவிட்டது. அம்மனைக் கும்பிட வேறெங்கும் போகவேண்டியதில்லை என்று தோன்றிய நாள் அது.

சுண்ணாம்போடு சேர்க்கக் கடுக்காயையும் கருப்பட்டியையும் பானைகளில் ஊறவைத்து, ஓட்டு வீட்டுக் கொல்லையில் வேலிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடினோம். அது நுரைத்துப் புளிக்கவேண்டும் என்பது கேரளத்து யோசனை. புளித்தது. அதன் வாசனை கொல்லையோடு நிற்கவில்லை. சாயங்காலம் தள்ளாடிப் போகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று நிதானித்து மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார்கள். பெரியப்பாவும் ஒரு நாள் வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்து, என்ன ஏது என்று விசாரித்தார். சுவருக்கு என்று அம்மா பொறுமையாக விளக்கினாள். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் போலீஸ் ஜீப் வந்தது. இறங்கியவர்கள் யாரிடமும் எதுவும் கேட்காமல், நேராக வேலியைச் சுற்றிப்போய்ச் சாக்கை விலக்கினார்கள். "என்னம்மா, பட்டப்பகல்ல சாராய ஊறல் போட்டு வச்சிருக்கீக?" என்றார் அதிகாரி. பானைகளை உடைக்க லத்தி ஓங்கியாகிவிட்டது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது. இவை உடைந்தால் மறுபடி ஊறவைத்துப் பூச நாளில்லை, வீடு போய்விடும் என்பது எனக்கே தெரிந்தது. நான் ஓவென்று அழுதேன்.

"ஒரு நிமிசம் சார்" என்றாள் அம்மா. மணலும் சுண்ணாம்பும் கலந்த குவியலில் அந்தத் தண்ணீரை ஊற்றிக் குழைத்தாள். கொத்துக்கரண்டியில் அள்ளிச் சுவரில் வீசி, கட்டையால் தேய்த்தாள். கலவை வெண்ணெயாய் இழுபட்டு ஒட்டியது. திரும்பி அதிகாரியின் முகத்தைப் பார்த்து, "குடிக்கிறது இந்தச் செவருதான் சார். பிடிச்சிட்டுப் போறதா இருந்தா இதைப் பிடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வாங்கி நரைத்தாடிக்காரரை முழுசாகப் பார்த்தார். தன் ஊரிலும் இப்படியொரு வீடு கிடப்பதாகச் சொல்லி, அந்த வீடியோவைத் தன் நம்பருக்கு அனுப்பச் சொன்னார். அதற்குள் பெரியப்பா வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, "எங்க வீட்டுப் பிள்ளை சார், தப்புத்தண்டாவுக்குப் போகாது" என்று கும்பிட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். "உங்க சொந்தத்துல இருந்துதாம்மா போன் வந்துச்சு. பாத்து இருந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அம்மா மறுபடி கரண்டியை எடுத்தாள். கலவை இறுகிவிடும் முன்பே மீதிச் சுவரையும் பூசினாள்.

மழை பிடித்துக்கொண்டபோது சுவரெல்லாம் பூசி முடிந்திருந்தது. ஊரே நனைந்து கிடந்த ஒரு காலையில் நான் உள்சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். பொட்டு ஈரமில்லை. தோட்டத்திலிருந்து வந்த அப்பா அறை அறையாகப் போய்ச் சுவரைத் தடவிவிட்டு, அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கார்த்திகையில் பால் காய்ச்சினோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் டம்ளரை அம்மா பெரியப்பாவிடம் கொண்டுபோய், இரண்டு கையாலும் நீட்டினாள். "சாப்பிடுங்க மாமா. ஒங்க தயவுலதான் இந்தச் செவரு நிக்கிது" என்றாள். போலீசாரிடம் நமக்காகக் கும்பிட்டவருக்கு அம்மா நன்றி சொல்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. பெரியப்பா அம்மாவை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பாலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பூச்சின் அழகில் மயங்கிப்போய்விட்டார் பாவம் என்று நினைத்து, பால் ஆறுது பெரியப்பா என்று நான்தான் அவரை உலுக்கினேன்.