குப்புற விழாத பிள்ளை

என் மகள் பிறந்த ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டில் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே பிள்ளை தும்மினால் இங்கே கேட்கும். பக்கத்து வீட்டுக்காரியின் கணவருக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. என் கணவர் துறைமுகத்தில் கிளார்க். புதிய துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தேன். அவள் என்னைவிட ஆறு வயது இளையவள். ‘டீச்சரக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். வயிறு தள்ளிக்கொண்டிருந்த நாட்களில் இருவரும் சேர்ந்தே குழாயடிக்குப் போனோம். ஒருத்திக்குக் கால் கடுத்தால் அவள் குடத்துக்கும் மற்றவள் வரிசையில் நிற்பாள்.

நாலாம் மாதத்தில் அவள் மகன் குப்புற விழுந்தான். பிள்ளை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது எங்கள் தெருவில் வழக்கம். வேதக்கார வீடு, இந்து வீடு என்ற பேதம் அதில் கிடையாது. ஈரத் தலையோடு தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள்.

“டீச்சரக்கா, இந்தப் பய திரும்பிட்டான். நான் அடுப்படியில நிக்கேன், எட்டிப் பாத்தா பாய விட்டுத் தரையில கெடக்கான்.”

என் மகள் மல்லாந்து கிடந்தாள். அவளையும் குனிந்து கொஞ்சி, “ஏளா, ஒன் கொழுக்கட்டை எப்ப?” என்று கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஐந்தாம் மாதம் போனது. ஆறும் போனது. என் மகளுக்குத் தலை நிற்கவில்லை. சங்கில் பால் புகட்டினால் பாதி கடைவாய் வழியே கழுத்தில் வழியும். குழாயடியில் பெண்கள் என்னைத் தேற்றினார்கள். “சில புள்ளைக மெதுவாத்தான் விழும். பொம்பளப் புள்ளதான, பைய விழட்டும்” என்றார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைப் பாயில் கிடத்தி நானே குப்புறப் புரட்டிவிடுவேன். முகம் பாயில் புதைந்து அப்படியே கிடக்கும். தலையைத் தூக்குவாளா, தூக்குவாளா என்று மனதுக்குள் எண்ணுவேன். பத்து எண்ணுவதற்குள் மூச்சு முட்டிவிடும் என்று பயந்து திருப்பிப் போட்டுவிடுவேன். மறுநாள் பன்னிரண்டுவரை எண்ணிப் பார்ப்பேன். 

பொங்கல் முடிந்த வாரம் ஒரு சனிக்கிழமை, என்ன நினைத்தேனோ, அரிசியை ஊறப்போட்டேன். இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, தேங்காய் துருவிப் போட்டுக் கொழுக்கட்டை பிடித்தேன். தெருவில் ஒன்பது வீட்டுக்கும் தட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

“எம்மவ குப்புற விழுந்துட்டா.”

அவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! ஒரு அம்மா என் கன்னத்தை வழித்து, “பாத்தியா, நாந்தான் சொன்னம்லா” என்றாள். எனக்கும் அந்த ஒரு மணி நேரம் உண்மையாகவே விழுந்துவிட்டது போலத்தான் இருந்தது.

என் கணவருக்குத் தெருமுனையிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். மத்தியானம் பேக்கரியில் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்து, ஆபீஸ் பேண்ட்டோடு தரையில் மண்டி போட்டார்.

“எங்க, அப்பாவுக்கு ஒருக்கா விழுந்து காட்டு. எங்க, எங்க.”

மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவர் கைதட்டினார், விரலைச் சொடுக்கினார், அவள் பக்கத்தில் தானும் படுத்து உருண்டு காட்டினார்.

“விழலங்க” என்றேன்.

“இப்ப விழலன்னா என்ன, காலைல விழுந்தால்லா?”

“விழவே இல்ல. நான் பொய் சொன்னேன்.”

தரையில் படுத்தபடியே என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு வெளியே போய், விழுந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தி வைத்தார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி தட்டைத் திருப்பித் தர வந்தாள். வெறுந்தட்டாகத் தரக்கூடாது என்று ஒரு கை சீனி போட்டிருந்தாள். பிள்ளையின் பக்கம் அவள் பார்வை போகவில்லை. “பாக்கணும்னு ரெண்டு பேரு வந்தாவ அக்கா. புள்ள அசந்து தூங்குதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்” என்றாள். பிறகு மெதுவாக, “பெரிய டாக்டர் யாருகிட்டயாவது காட்டுவமா அக்கா?” என்றாள். ஒற்றைச் செங்கல் சுவர். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வயதானவர், நிதானமாகப் பார்த்தார். பிறந்தவுடன் அழுதாளா என்று கேட்டார். இல்லை, நேரம் கழித்துத்தான் அழுதாள் என்றேன். மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்திருக்கிறது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். தலை நிற்காது. உட்காரமாட்டாள். நடக்கமாட்டாள். “சளி பிடிக்காம பாத்துக்கிடுங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

 திரும்பி வரும்போது கோவில்பட்டியில் டீ குடிக்க பஸ் நின்றது. என் கணவர் இறங்கவில்லை. பஸ் புறப்பட்ட பிறகு, “வாற ஜூன்ல புள்ளைக்கு ஒரு வயசு. நல்லா கொண்டாடணும்” என்றார்.

கொண்டாடினோம். அதற்கு முன்தினம் ஸ்டூடியோவுக்குப் போனோம். “புள்ளயக் குப்புறப் போடுங்க, தலயத் தூக்குனதும் எடுத்துருவோம்” என்றார் போட்டோக்காரர். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் எடுப்பார்கள். தலை நிற்காது என்று என் கணவர் சொன்னார். போட்டோக்காரர் சிறிது யோசித்து, ஒரு நாற்காலிக்குப் பின்னால் என்னைக் குத்தவைத்து உட்காரச் சொல்லி, தலையோடு கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டார். துணிக்குள்ளிருந்து கையை நீட்டி மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பின்தலையை என் நெற்றியால் முட்டுக்கொடுத்தேன். உள்ளே இருட்டு. வெளியே என் கணவர் கிலுகிலுப்பையை ஆட்டி, “இங்கன பாரு, அம்மா, இங்கன பாரு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். படம் வந்தபோது இடுப்பில் தெரிந்த என் விரல்களைப் போட்டோக்காரர் பிரஷ்ஷால் கவுனின் பெல்ட்டாக மாற்றியிருந்தார்.

பிறந்தநாளன்று சொந்த ஊரான நாசரேத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். வீட்டில் கலர்க் காகிதம் தொங்கியது. என் கணவர் மகளின் மூடிய கைக்குள் கத்தியைச் செருகி, தன் கையால் பொத்தி, கேக்கை வெட்டினார். எல்லாரும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் பிள்ளை உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, வலிப்பு வந்துவிட்டது. கைதட்டல் நின்றது. நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன். கதவுக்கு அந்தப் பக்கம் என் கணவர், “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பாடுங்க” என்று சொல்வது கேட்டது. அவர்களும் பாடினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி தனியாகத்தான் வந்திருந்தாள். “ஒன் பையன் எங்க?” என்று கேட்டேன். “அவுக அப்பாகூட கடையில இருக்கான் அக்கா” என்றாள். இரண்டு நாள் கழித்துப் பின்பக்கம் துணி காயப்போடப் போனபோது, கொடியில் தொங்கிய வேட்டிகளுக்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள் தத்தித் தத்தி நடப்பதைக் கண்டேன். பிள்ளை நடந்தாலும் பலகாரத் தட்டு கொடுப்பார்கள், எனக்கு எந்தத் தட்டும் வரவில்லை. என் மனம் நோகக்கூடாது என்று மறைத்திருக்கிறாள். அந்த நல்ல மனதுக்காகவே அவளை வெறுத்தேன். கூட்டிக்கொண்டு வந்து என் கண் முன்னால் நடக்கவிட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டாவது பிறந்தநாளுக்கு யாரையும் கூப்பிடவில்லை. கேக் மட்டும் வந்தது. யாரும் கைதட்டவில்லை.

அந்த வருடம் கார்த்திகை மழை விடாமல் பெய்தது. மகளுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நான்காம் நாள் காலை, நான் சங்கைக் கழுவ வெளியே போயிருந்தபோது, அவள் அப்பா மடியில் இறந்துபோனாள். கல்லறைத் தோட்டத்தில் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாளியால் இறைத்து இறைத்து ஊற்றிவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள்.

அடுத்த ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த முதல் ஞாயிறு, ஆலயத்துக்குப் போயிருந்தோம். மே மாதம் மாற்றலாகி வந்த புதிய குருவானவர், அந்த வாரம் பிறந்தநாள் உள்ளவர்களின் பெயர்களை வாசித்தார். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் எழுந்து முன்னால் போய் ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பார்கள், அவர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். யாரோ பழைய நோட்டிலிருந்து பட்டியலை அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறார்கள். நான்காவதாக என் மகளின் பெயரை வாசித்தார். மூன்று வயது என்றும் வாசித்தார்.

 ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவர் எழுந்து நடந்தார். சட்டைப் பையில் கைவிட்டு, கையில் வந்ததைத் தட்டில் போட்டார்.

“பிள்ளை வரலையா?” என்று குருவானவர் சிரித்த முகத்தோடு கேட்டார்.

“வரல, ஐயா.”

அவர் என் கணவரின் தலையில் கை வைத்தார். இந்தப் பிள்ளைக்கு நீடித்த ஆயுசைத் தாரும், பெற்றோர் கண் குளிர வளரப் பண்ணும் என்று நெடுநேரம் ஜெபித்தார். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். ஒருவரும் நிறுத்தவில்லை. ஜெபம் முடிந்ததும் என் கணவர் சத்தமாக “ஆமென்” என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், “நீங்க ஏன் எந்திச்சுப் போனிய?”

“அவரு புதுசு. அவருக்குத் தெரியாது” என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின், “பேரச் சொல்லிக் கூப்பிட்டாவல்லா” என்றார்.

பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அவர் பக்கத்தில் நிற்பதற்குப் பத்துக் காலடி தூரம்கூட இருக்காது. நான் போகவில்லை. அவர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.