பேரிகையில் திருப்பாமல் விட்ட தாள்

ஓசூர் பக்கம் பேரிகை என்ற ஊரில் ஒருநாள் நான் கையும் களவுமாகப் பிடிபட்டேன். எதையும் திருடவில்லை. புத்தகத்தில் ஒரு தாளைத் திருப்பாமல் விட்டேன், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஓசூரில் ஒரு வாடகை நூல் நிலையத்தில் வேலை பார்த்தேன். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் காலிகோ துணி அட்டை போட்டு பைண்டு செய்வோம். அந்த வால்யூம்களைத் தகரப் பெட்டியில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்புவேன். செவ்வாய் பாகலூர், பேரிகை, வெள்ளி கெலமங்கலம். எந்த மழையிலும் என் பெட்டியில் ஒரு புத்தகம் நனைந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

வேலைக்கு வந்த காரணம் மட்டும் பெருமைப்படும்படியானதல்ல. பிரசவத்தில் என் மனைவியும் போனாள், குழந்தையும் போனது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாத்தியார் வேலையை விட்டேன். யாரோடும் பேச வேண்டாம், சைக்கிளை மிதித்தால் போதும் என்றுதான் இங்கே சேர்ந்தேன்.

பேரிகையில் வெங்கடப்பா என்ற விவசாயி எங்கள் மெம்பர். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், காய்ச்சல்ல பையன் போனதிலேர்ந்து எங்க வூட்டுக்காரி படுத்த படுக்கை. சோறும் வேணாங்கறா, நிலமும் வேணாங்கறா. நீங்க கொஞ்சம் கதை சொல்லிப் பாக்கறீங்களா?"

அவர் மனைவி நாகம்மாவுக்கு எழுத்து தெரியாது. வீட்டில் பேசுவது தெலுங்கு. எனக்கும் அது வரும். தமிழில் படித்துத் தெலுங்கில் சொல்ல ஆரம்பித்தேன். முதலாளி கேள்விப்பட்டு, "கதாகாலட்சேபம் பண்றதுக்கெல்லாம் சம்பளம் கெடையாதுப்பா" என்று சிரித்தார். தடுக்கவில்லை.

நான் முன்கூட்டிப் படிக்காமலே எடுத்துப்போன வால்யூம், ஒரே மகனை வைத்துக்கொண்டு பரிசல் ஓட்டிப் பிழைக்கும் விதவையின் கதை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாகம்மா நாலாவது வாரம் எழுந்து எதிரே உட்கார்ந்தார். ஐந்தாவது வாரம் புத்தகத்தில் அந்த மகன் காய்ச்சலில் செத்துப்போனான்.

நான் அதைப் படிக்கவில்லை. காய்ச்சல் இறங்கிவிட்டது, பையன் கஞ்சி குடித்தான், விளையாடப் போனான் என்று என் பாட்டுக்கு அளந்துகொண்டே போனேன்.

நாகம்மா நிறுத்தினார். அவர் பேசிய தெலுங்கைத் தமிழில் எழுதுகிறேன்.

"அண்ணா, இவ்ளோ நேரமா சொல்றீங்க, ஒரு தாளக்கூட திருப்பல. பையன் செத்துட்டான், இல்ல?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"என் புள்ளையவே மண்ணுல வெச்சவ நானு. காகிதத்துல ஒருத்தன் செத்தா தாங்க மாட்டேனா? அப்புறம் அவ என்ன பண்ணா? எனக்கு அதுதான் தெரியணும்."

தாளைத் திருப்பினேன். மூன்று வரி தாண்டுவதற்குள் புத்தகத்தை மூடிவிட்டேன். நாகம்மா என்னையே பார்த்தார்.

"உங்க வூட்டுல யாரு போனாங்கண்ணா?"

அதுவரை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை அங்கே சொன்னேன். வெட்கமில்லாமல் அழுதேன். வெங்கடப்பா மோர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு மிச்சத்தையும் படித்தேன். மகனைப் புதைத்த மூன்றாம் நாள் அக்கரையில் யாரோ பரிசலுக்குக் குரல் கொடுக்கிறார்கள். அவள் போய்த் துடுப்பை எடுக்கிறாள்.

"அழுதுகிட்டேவா எடுக்கறா?"

"ஆமாம்மா. அப்படித்தான் போட்டிருக்கு."

அடுத்த செவ்வாய் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. விசாரித்துக்கொண்டு நிலத்துக்கு ஓடினேன். அங்கே பெண்கள் வரிசையாக ராகி நட்டுக்கொண்டிருந்தார்கள். நாகம்மா நாற்றுக்கட்டும் கையுமாக நின்றிருந்தார். கண் சிவந்துதான் இருந்தது.

"வரப்புல உக்காந்து சொல்லுங்கண்ணா, இவங்களும் கேக்கட்டும்" என்றார்.

அவர்கள் நடவு நட, நான் சத்தமாகக் கதை சொன்னேன். வாத்தியார் வேலையை விட்ட பிறகு என் குரல் அப்படி எழும்பியது அன்றுதான். பிறகு பேரிகைப் பக்கம் நடவு வந்தால் என்னைக் கேட்டுத்தான் நாள் வைப்பார்கள். இது பெருமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

நூலக வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். இதை இவர் தாங்கமாட்டார் என்று நீங்களாக முடிவுகட்டி எந்தப் பக்கத்தையும் மறைக்காதீர்கள். அன்றைக்கு அந்தப் பக்கத்தைத் தாங்க முடியாமல் இருந்தவன் நான்தான்.