தீர்வு இல்லை என்று எழுதியவள்

எங்கள் தலைமையாசிரியர்தான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்தினார். நடத்தினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தன் பழைய நோட்டிலிருந்து கரும்பலகைக்கும், அங்கிருந்து எங்கள் நோட்டுக்கும் கணக்குகளை இடம் மாற்றினார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அரையாண்டுத் தேர்வு சமயத்தில் திருவையாற்றைச் சுற்றியிருந்த ஊர்களில் அறுவடைக் கூலித் தகராறு. என் அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். பள்ளியின் தாளாளரோ ஊரின் பெரிய மிராசுதார். தாலுகா ஆபீஸ் பேச்சுவார்த்தையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, முடிவு எதுவும் காணாமல் எழுந்துவந்திருந்தார்கள்.

கணக்குத் தேர்வில் 2x + 7 = 2x + 15 என்று ஒரு கேள்வி. நோட்டில் இருந்தது 3x + 7 = 2x + 15; அதற்கு விடை 8. அச்சில் மூன்று, இரண்டாகிவிட்டது. என்னைத் தவிர வகுப்பு முழுக்க 8 என்றே எழுதியிருந்தது. கேள்வியைப் படிக்காமல் விடை எழுதும் பயிற்சியை அவர் அவ்வளவு நன்றாகக் கொடுத்திருந்தார். நான் இரண்டு பக்கமும் 2x-ஐ நீக்கிப் பார்த்தேன். ஏழும் பதினைந்தும் சமம் என்று வந்தது. 'தீர்வு இல்லை' என்று எழுதினேன். பூஜ்ஜியம் போட்டார்.

விடைத்தாளோடு அவர் அறைக்குப் போனேன். தாளாளரும் அங்கே இருந்தார்.

"எட்டைப் போட்டா இந்தப் பக்கம் இருபத்திமூணு, அந்தப் பக்கம் முப்பத்தொண்ணு வருதுங்க சார்."

"சமன்பாடுன்னா ஒரு விடை இருந்தே தீரும். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்," என்றார் தலைமையாசிரியர்.

தாளாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ அப்பனும் தாலுகா ஆபீஸ்ல இதே 'தீர்வு இல்லை'யைத்தான் சொல்றான். வீட்டுல சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்கான்," என்றார்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, தன் நிலம் பறிபோகாமலிருக்கச் சமையல்காரர் வரை பத்துப் பேரைப் பெயருக்கு உரிமையாளராக்கியவர் அவர். அவருக்கும் கணக்கென்றால் ஒரே விடைதான் வேண்டுமாம்.

மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். அப்பாவை அழைத்துவரச் சொன்னார்கள். அப்பாவுக்கு x தெரியாது. வரும் வழியில் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அறைக்குள் நின்றபடியே சொன்னார்:

"ஏழும் பதினஞ்சும் ஒண்ணுன்னு நீங்க எழுதிக் குடுங்க சார். நான் அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டுடறேன்."

தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தார், மூடினார். எழுதவில்லை.

மறுநாள் வகுப்புக்குச் சுற்றறிக்கை வந்தது. கேள்வியில் அச்சுப்பிழையாம், இரண்டை மூன்றாகக் கொள்ள வேண்டுமாம். ஆகவே எட்டு எழுதிய எல்லோருக்கும் முழு மதிப்பெண். எனக்கு அதே பூஜ்ஜியம். அச்சிட்ட கேள்வியைச் சரியாகப் போட்டதற்கு, அச்சிடாத கேள்வியின்படி தண்டனை. அதை வாசித்தபோது தலைமையாசிரியர் குரலில் கொஞ்சம்கூடத் தடுமாற்றம் இல்லை.

அந்த மதிப்பெண்ணால் முதலிடம் என் வகுப்பிலேயே படித்த தாளாளரின் மகனுக்குப் போனது. பரிசளிப்பு நாளில் அவன் மேடையேறியபோது எல்லோரும் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் என் வரிசையைப் பார்த்தார். நானும் தட்டினேன். தலைமையாசிரியரையும் தாளாளரையும்விட, அன்று தட்டிய என் கைகளின் மேல்தான் எனக்கு இன்றுவரை அதிக இளக்காரம்.