அம்மாவின் தோளில் சீன ஊசி

கமலா, சரோஜா, கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள்.

ஆறு மாதமாக அம்மாவால் வலது கையைத் தூக்க முடியவில்லை. இன்று அப்பாவுக்குத் தெரியாமல் தியாகராய நகரில் ஒரு சீன வைத்தியரிடம் அழைத்துப் போனேன். தோளில் மெல்லிய ஊசிகளைக் குத்தி, இன்னும் நான்கு முறை வரச் சொன்னார்.

சாயங்காலம் உயரக் கொடியிலிருந்து அம்மா தானே புடவையை எடுத்தாள். அப்பா பார்த்துவிட்டார்.

"கை எப்படிடீ தூக்க வந்தது?"

அம்மாவுக்குப் பொய் வராது.

"அன்னிய புருஷன் தொட்டானா? போய்த் தலைக்குக் குளி! இனிமே அங்கே போகப்படாது!"

வலி குறைந்ததா என்று கேட்கவே இல்லை!

வெள்ளிக்கிழமை மறுபடி அழைத்துப் போவேன். அப்பா கேட்டால், நான் உங்களோடு பள்ளியில் இருந்ததாகச் சொல்லுங்கள்.

போன வருஷம் அப்பாவின் பல்லைப் பிடுங்கியவரும் சீனர்தான். வாய்க்குள்ளேயே கைவிட்டாரே, அப்பா அன்று ஏன் குளிக்கவில்லை? உங்களுக்காவது பதில் தெரி

அப்பா கதவைத் தட்டுகிறா