எந்த வரியில் நின்றது

அழைப்பு வந்தால் அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிடுவார். செய்தித் தளத்தின் சந்தாதாரர் உதவிப் பிரிவில் மற்றவர்கள் சாய்ந்து உட்கார்ந்து பேச, அவர் மட்டும் பஸ்ஸில் இடம் கிடைக்காதவர் போல நிற்பார். "உக்காந்து பேசினா குரல்ல தலையணை வந்துடும்" என்பது அவர் கட்சி. அன்று சாயங்காலமும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். பேச்சின் நடுவே கண்ணாடித் தடுப்பை விரலால் தட்டினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் தொழில்நுட்பப் பிரிவு. அங்கே மகளுக்கு வேலை.

"மேடம், கொஞ்சம் ஏழைங்க பக்கம் வாங்க."

வீட்டில் அவள் கண்ணு. ஆபீஸில் மேடம். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சந்தாதாரர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது அவர் வழக்கம். இரண்டு ஈமெயிலில் இரண்டு சந்தா கட்டிவிட்டு, எப்போதும் தப்பான ஈமெயிலோடு தப்பான பாஸ்வேர்டைப் போடுகிறவர் ரெட்டைப்பூட்டு. எடுத்த எடுப்பில் திட்டுகிறவர் மிளகாய். அன்று லைனில் இருந்தவர் டைப் டீச்சர். ஒருகாலத்தில் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவர். அவர் விஷயம் கொஞ்சம் சிக்கல். சந்தா அவர் கணவர் ஈமெயிலில் இருந்தது. கணவர் காலமாகிவிட்டார். டீச்சர் புது போன் வாங்கினார். தளம் அவரை வெளியே தள்ளிவிட்டது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்த அழுத்த, புது பாஸ்வேர்டுக்கான கடிதம் கணவரின் பெட்டிக்கே போனது. அந்தப் பெட்டியைத் திறக்க யாருக்கும் வழி தெரியாது.

"செத்துப்போனவருக்கு லெட்டர் போட்டுட்டே இருக்குப்பா உங்க கம்ப்யூட்டரு" என்றார் டீச்சர்.

புதுக் கணக்கு தொடங்கச் சொல்லியிருந்தார்கள் மற்றவர்கள். டீச்சர் மாட்டேன் என்றார். பழைய கணக்கில் கணவர் தனக்குப் பிடித்த கட்டுரைகளைச் சேமித்து வைத்திருந்தார், மனைவி படிக்கட்டும் என்று. டீச்சர் அவற்றில் பாதியைத்தான் படித்திருந்தார்.

"அதைப் புதுசுக்கு மாத்த முடியாதுப்பா" என்றாள் மகள். "பழைய கணக்குலயே ஈமெயில மாத்தலாம். ஆனா கணக்கு இவங்களோடதுதான்னு காட்ட ஏதாவது வேணும்."

"சந்தா யார் கார்டுலேர்ந்து போயிருக்கு?"

அவள் பார்த்தாள். டீச்சரின் கார்டுதான். மேலாளர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். மகள் பழைய ஈமெயிலை எடுத்துவிட்டு டீச்சருடையதைப் போட்டாள். இனி உறுதிசெய்யும் லிங்க் டீச்சருக்கு வரும். அவர் அதைத் திறந்து ஒரு பாஸ்வேர்டு வைத்தால் முடிந்தது. அதற்கு உள்ள சில நாள் கெடு முடிவதற்குள் திறக்காவிட்டால் மாற்றம் செல்லாது. கணக்கு உரிமையாளர் இல்லாததாகி, அழிக்கவேண்டியவற்றின் வரிசைக்குப் போய்விடும். கட்டுரைகளும் கூடவே போகும்.

ஆனால் டீச்சர் அப்போது தங்கை வீட்டில் இருந்தார். படிக்கும் கண்ணாடி தன் வீட்டில்.

"அப்ப லிங்க இன்னைக்குத் தொடாதீங்கம்மா" என்றார் அப்பா. "அவசரத்துல தொட்டா மெயில் ஆப்புக்குள்ளயே ஒரு குட்டி ஜன்னல் தொறந்து, நீங்க அதுக்குள்ள போயிடுவீங்க. வெளிய வந்து பாத்தா மறுபடி பூட்டுதான். நாளைக்குக் காலைல நானே கூப்பிட்டு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறேன். இன்னொண்ணு. இப்ப கொஞ்ச நாளா நம்ம பேரைச் சொல்லி ஏமாத்துக்காரங்க கூப்பிடுறாங்க. நான் எடுத்தவுடனே 'எந்த வரில நின்னுச்சு?'ன்னு கேப்பேன். அதைக் கேக்காம வணக்கம் கிணக்கம்னு ஆரம்பிச்சா, யோசிக்காம வெச்சிடுங்க."

அப்பாவும் மகளும் சேர்ந்து பார்த்த கடைசி வேலை அது. அது தெரியாததால் இருவரும் அவசரமாக டீ குடிக்கப் போனார்கள்.

'எந்த வரியில் நின்றது?' யாரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மற்றவர்கள் பெயர், ஈமெயில் என்று ஆரம்பிப்பார்கள். "படிச்சிட்டிருந்தவன் மூஞ்சில கதவ சாத்திட்டு, உன் பேரு என்னான்னு கேட்டா அடிக்க வருவான். எங்க போயிட்டிருந்தீங்கன்னு கேக்கணும்" என்பார். அதில் தொழிலும் இருந்தது. இரண்டாம் பத்தியோடு நின்றால் தளத்துக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை என்று பொருள். தலைப்போடு நின்றால் சந்தா காலாவதி. பதில் முடிவதற்குள் பாதி நோய் அவருக்குப் பிடிபட்டிருக்கும். பாஸ்வேர்டு மெயில் போய்ச் சேரும்வரை, நின்றுபோன வாக்கியத்தின் மிச்சத்தைப் படித்துக் காட்டுவார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும். "ஒரு வாக்கியம் என் கணக்கு. மிச்சம் உங்க பாஸ்வேர்டுல இருக்கு." மிளகாய்கூட அதற்குச் சிரித்திருக்கிறார்.

ஊழியர்களுக்குத் தளம் இலவசம். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. காலையில் வந்ததும் முதல் வேலையாக, யாரென்று தெரியாத வழிப்போக்கன் மாதிரி தளத்தைத் திறப்பார். இரண்டு பத்தி படிப்பார். சந்தா கேட்கும் கட்டணச் சுவர் வந்து மறைக்கும். "வந்துட்டாண்டா வாட்ச்மேன்" என்பார். பிறகு தன் சந்தாவில் நுழைவார். நுழைய முடியாத காலைகளும் உண்டு. அப்போது கண்ணாடி தட்டப்படும். வாசகர்களின் போன் வரும் முன்பே மகளின் குழு பழுதைத் தேட ஆரம்பித்திருக்கும்.

அதற்கு முன் அவர் ஒரு பேரிங் கடையின் கவுன்டரில் நின்றவர். கடை கைமாறியதும் வேலை போயிற்று. உதவிப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மகள் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். மறுநாளே அயர்ன் பண்ணிய சட்டையோடு வந்து வரிசையில் நின்றார். "பொண்ணு சிபாரிசா?" என்று யாராவது கேட்டால், "இல்ல, என் வாய் சிபாரிசு" என்பார்.

வீட்டில் இந்தப் பெருமையெல்லாம் செல்லாது. "ஊருக்கெல்லாம் பாஸ்வேர்டு மாத்தறாரு. பாத்ரூம்ல ஒரு பல்ப மாத்தச் சொன்னா அடுத்த வாரம்" என்பாள் அம்மா.

"அதுக்கு இன்னும் ஓடிபி வரலைடி."

"இந்தா வருது" என்று அம்மா கரண்டியை எடுப்பாள். அவர் ஸ்டூலைத் தேடிப் போவார். போகிற வழியில் போன் வரும். நின்றுவிடுவார்.

டீச்சருக்கு வாக்குக் கொடுத்த மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். தூக்கத்திலேயே என்றார்.

மகள் வேலைக்குத் திரும்பிய அன்று அவர் நாற்காலி இன்னும் பின்னால் தள்ளியபடியே இருந்தது. யாரும் அதை மேஜைக்குள் தள்ளவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து வந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் வேலையைச் சொன்னாள்.

"அக்கா, அந்த டீச்சரம்மா கேஸ் இன்னும் நிக்குது. நாங்க எல்லாரும் கூப்பிட்டுப் பாத்துட்டோம். வணக்கம்னு சொன்னா போதும், டக்குனு வெச்சிடறாங்க. என்னைய திருடின்னுட்டாங்க. நேத்து நம்ம மேலாளரே பேசினாரு. அவரும் திருடன்தான்."

"மெயில் போட்டீங்களா?"

"போட்டோம். எதையும் தொட மாட்டேங்கறாங்க. கெடு இன்னைக்கு சாயங்காலம்க்கா."

மகள் திரையைப் பார்த்தாள். கெடுவை ஒருமுறை நீட்டிக்கலாம். அதை ஏற்கெனவே நீட்டியிருந்தார்கள். சர்வரில் கோளாறு இல்லை. ஈமெயில் சரி. லிங்க் சரி. டீச்சரும் சரி. சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். இந்தப் பூட்டைப் போட்டது அப்பா. திறக்கும் வார்த்தையை அவர் சொன்னபோது, கேட்கும் தூரத்தில் லேப்டாப்போடு இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"நான் பேசறேன்" என்றாள்.

அவள் போன் எடுத்துப் பேசும் பிரிவில் இருந்ததே இல்லை. அப்பாவின் ஹெட்போனை மாட்டினாள். காதுக்குப் பெரிதாக இருந்தது. அவர் சீட்டில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினாள். சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள். பெயர், பிரிவு, நடந்தது, வருத்தம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரு?"

குரலில் கத்தி இருந்தது. அடுக்கி வைத்ததில் எதுவும் அவள் வாய்க்கு வரவில்லை. அந்தப் பக்கம் போனைக் காதிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டது.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"எந்த வரில நின்னுச்சும்மா?"

லைன் துண்டிக்கப்படவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் தனக்கு வந்த அழைப்பு ஒன்றை எடுக்காமல் இவளையே பார்த்தாள்.

"அந்த சார் குரல் இல்லையே" என்றார் டீச்சர். "நீ யாரும்மா?"

"அவர் பொண்ணு."

"அவரே கூப்பிடறேன்னாரே."

"ஆமாம்மா. காலைல கூப்பிடறதாத்தான் இருந்தாரு."

மேற்கொண்டு கேட்கவேண்டியதில்லை என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. மூச்சை இழுத்து விட்டார். ஒரு இழுப்பறை திறந்தது. எதையோ தள்ளித் தேடும் சத்தம்.

"இரு கண்ணு. கண்ணாடி போட்டுக்கறேன். படிச்சுக் காட்டறேன், எந்த வரின்னு."

"மெதுவா எடுங்கம்மா" என்றாள் மகள்.

பக்கத்து சீட்டுப் பெண் நாற்காலியை நகர்த்திக்கொடுத்தாள். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, நின்றபடியே காத்திருந்தாள்.