சுருட்டுத் தழும்பு

வடிவம்மாளுக்குக் காகிதத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. சண்டைக்கு முன் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவள். ஜப்பான்காரன் வந்ததும் தாதிமார் பாதிப்பேர் போய்விட, அம்மை குத்தும் ஊசி அவள் கைக்கு வந்தது. டத்தோ கிராமாட் தெரு வீடுகளில் முதலில் கையைப் பார்ப்பாள், பிறகுதான் முகத்தை.

அன்று ஆசியா பீவியின் மகனுக்குப் பெரியம்மை. அடுத்த வீடு, ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அப்புத்துரையுடையது. அவர் மகள் சந்திரிகாவுக்கு ஆறு வயது. முந்தாநாள், காய்ச்சலோடு கிடந்த அந்தப் பையனின் பாயிலேயே உட்கார்ந்து ஐந்தாங்கல் ஆடியிருக்கிறாள்.

அப்புத்துரை முத்திரை குத்திய சான்றுக் காகிதத்தை நீட்டி வாசலிலேயே மறித்தார். "எங்கட வீட்டில எல்லாருக்கும் குத்தியாச்சு. சாப்பும் அடிச்சுக் கிடக்கு, பார்."

"பேப்பருக்கு அம்மை வராதுலா, கிராணி ஐயா. புள்ள கையக் காட்டுங்க."

குத்திய தழும்பு தையற்காரன் விரலுறைபோலக் குழிகுழியாக இருக்கும். சந்திரிகாவின் கையில் இருந்தது வழவழவென்று மின்னியது. அளவு, கிராணியின் விரலிடுக்கில் புகைந்த சுருட்டின் நுனியேதான்.

"சுட்டீங்களா?"

அவர் மனைவி பத்மாவதி முந்தானையைத் திருகினாள். "அம்மைப்பால் கண்டுக்குட்டிப் புண்ணில எடுக்கிறதாமே, அக்கா. சைவப் பிள்ளைக்கு ஆகாதெண்டு இவர்தான்..."

வடிவம்மாள் அப்புத்துரையின் சட்டைக் கையை மேலே தள்ளினாள். அசல் தழும்புகள், இரண்டு.

"யாழ்ப்பாணத்துல உங்க ஆத்தா குத்திவிட்டப்ப மட்டும் இனிச்சுதோ? கண்டுக்குட்டி புல்லுத்தான் திங்குது. ஒங்களவிடச் சுத்த சைவம்!"

கிராணி வாசலை விட்டு விலகினார். ஒட்டிய அம்மை வெளியே தெரிய ஏறக்குறைய பன்னிரண்டு நாள். குத்திய பால் அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். பத்மாவதி பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, வடிவம்மாள் அம்மைப்பால் ஒரு சொட்டு வைத்துக் கீறினாள். பிறகு தாய்க்கு. கடைசியில் கிராணிக்கும்.

மூன்றாம் நாள் அப்புத்துரையின் கையில் சின்னச் சிவப்புத் தடிப்பு, அரிப்பு. பிள்ளைக்கு ஒன்றும் காணோம்.

"எனக்குப் பிடிச்சிட்டுது, பிள்ளைக்குப் பிடிக்கேல்லையோ?" மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒங்க ஒடம்பு முப்பது வருசம் முன்ன வந்த பகையாளிய அடையாளம் கண்டு, வாசல்லயே வெரட்டுது. ஒங்களுக்கு மறந்தது அதுக்கு மறக்கல. புள்ள ஒடம்பு இப்பத்தான் ஆளையே பாக்குது. பொறுங்க."

எட்டாம் நாள் சந்திரிகாவின் கையில் முத்துப்போலக் கொப்புளம் பழுத்தது. கூடவே காய்ச்சல். பத்மாவதி அழுதாள். "அழுவாத. பாடம் ஏறுது," என்றாள் வடிவம்மாள்.

பன்னிரண்டு நாள் போயிற்று, பதினேழும் போயிற்று. பிள்ளை மேலில் ஒரு பொட்டு இல்லை. ஆசியா பீவியின் மகன் முகமெல்லாம் குழியோடு எழுந்து உட்கார்ந்தான்.

மறுநாள் அப்புத்துரை அந்தக் காகிதத்தோடு தெருவில் ஓடிவந்தார். "அக்கா, இதில புதுத் தேதியைப் போட்டுத் தாங்கோ."

"எதுக்கு? குத்தியாச்சுன்னு சாப்பு இருக்கே. அதச் சுருட்டிச் சுருட்டுப் பத்த வைங்க."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.