நொத்தேர் விடாத தேர்வடம்

சைகோனுக்குப் போகும் உல்லாசக் கப்பல் காலையில் புதுச்சேரிக்கு எதிரே நங்கூரம் போட்டால், பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிடும். அதற்குள் பயணிகளுக்கு இந்தியாவைக் காட்டி முடித்துவிட வேண்டும். அந்த வேலையில் ஒரு பங்கு எங்கள் வில்லியனூர் கொம்யூன் அலுவலகத்துக்கு வந்தது. அங்கே பிரெஞ்சும் பேசி, வெயிலிலும் நிற்கக்கூடிய குமாஸ்தா நான் ஒருவன்தான்.

அன்று எனக்குக் கிடைத்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும்; எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு முசேவும் ஒரு மதாமும். அவர் ஓய்வு பெற்ற நொத்தேர். ஊரார் சொத்துக்கெல்லாம் பத்திரம் எழுதியே தலை நரைத்தவர். மதாமுக்கு வெயிலும் பிடிக்கவில்லை, ஈயும் பிடிக்கவில்லை. பக்கத்துக் கிராமத்தில் அம்மன் தேர். வாடகை மோட்டாரில் அங்கே அழைத்துப் போனேன்.

முதல் வடம் யார் பிடிப்பது என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் அப்போதுதான் முறைத்துக்கொண்டு நின்றன. வெள்ளைக்காரரைப் பார்த்ததும் இரண்டு தெருவுக்கும் நிம்மதி. வடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் இழுத்தார், ஊரும் இழுத்தது, தேர் அசைந்தது. மதாம் மோட்டாரில் இருந்தபடியே படம் எடுத்தார்.

"என் பங்கு முடிந்ததா?" என்று நொத்தேர் என்னைக் கேட்டார். பேச்சுக்குக் கேட்டார். ஆனால் நடைமுறையைப் பற்றி யார் கேட்டாலும் முழுப் பதில் சொல்வது என் வழக்கம்.

"முறைப்படி, முதல் வடம் பிடித்தவர் தேர் நிலைக்கு வரும்வரை விடக்கூடாது" என்றேன்.

அவர் உடனே பூட்ஸைக் கழற்றி மதாமிடம் கொடுத்தார்.

உச்சிப் பொழுதுக்குத் தேர் தெருமூலைக்கு வந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டார்கள். திருப்பத்தில் முதல் தேங்காய் எந்தத் தெரு உடைப்பது என்று தீரும்வரை தேர் அங்கேதான் நிற்கும். இரண்டு மூன்று நாள் நின்றதும் உண்டு.

"இன்னாபா, போன வருசமும் நீங்கதான ஒடைச்சீங்க?"

"ஆமா, மழை பேஞ்சிதா இல்லையா? நீங்க ஒடைச்ச வருசம் ஏரியில கோலி ஆடனானுங்க!"

நொத்தேர் வடத்தின் நுனியை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். கப்பலில் ஒரு தலை குறைந்தால் விளக்கம் எழுத வேண்டியவன் நான். தேர்வடத்தை விட மறுத்தார் என்று எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

மேலத்தெருப் பெரியவருக்கே பாவமாகிவிட்டது. "வுட்டுட்டு போவச் சொல்லுங்க ஐயா. அம்மா கோச்சிக்க மாட்டா."

மொழிபெயர்த்தேன்.

"எழுத்தில் தருவார்களா? இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும்" என்றார் நொத்தேர்.

அதையும் மொழிபெயர்த்தேன். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று புதிய சண்டை ஆரம்பமாயிற்று.

நிழல் நீண்டது. "கப்பல் போய்விடும்!" என்று மதாம் கத்தினார். "ஒப்பந்தம் முடியவில்லையே" என்றார் நொத்தேர். மதாம் பூட்ஸை என் கையில் திணித்துவிட்டு மோட்டாரிலிருந்து இறங்கினார். சண்டைக்கு நடுவே நுழைந்து, தட்டில் இருந்த தேங்காயை எடுத்து, முட்டுக்கட்டை மேல் ஓங்கி அடித்தார். அது இரண்டு சம மூடியாக உடைந்தது.

இரண்டு தெருவும் கழுத்தை நீட்டி மூடிகளைப் பார்த்தன.

"செருப்பு காலோட வந்துடுச்சேடா" என்று ஒருவன் முனகினான்.

"வந்தா வரட்டும்டா! ஒடைஞ்சிது இல்ல? இழுங்கடா!" என்றார் பெரியவர்.

பம்பை முழங்கியது, கட்டையை உருவினார்கள். அந்தத் தேர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மேலே பூசாரி தூணைக் கட்டிக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தேர் நிலைக்கு வந்ததும் நொத்தேர் வடத்தைக் கீழே வைத்து, இரண்டு தெருக்காரர்களுடனும் கைகுலுக்கிவிட்டு மோட்டாருக்கு ஓடினார். கடைசிப் படகைப் பிடித்துவிட்டோம். என்னிடமிருந்து பூட்ஸ் கைக்கு வந்த பிறகுதான் அவர் படகில் கால் வைத்தார்.

மறு வருஷமும் தேர் அதே மூலையில் நின்றது. இரண்டாம் நாள் இரண்டு தெருப் பெரியவர்களும் ஒரே வண்டியில் என் அலுவலகத்துக்கு வந்து இறங்கினார்கள்.

"கப்பலு எதனா வந்துகீதா ஐயா?" என்றார் மேலத்தெருக்காரர்.

"முசே வேணாம்" என்றார் கீழத்தெருக்காரர். "மதாம் மட்டும் போதும்."